பக்கத்துப் பாய்

ஒன்பது வருடம் கார் கம்பெனி லைனில் குனிந்தே டயர் மாட்டியதில் கொம்பையாவுக்கு முதுகெலும்பில் டிஸ்க் தேய்ந்துவிட்டது. தசை பிடித்துக்கொள்ளும்போதெல்லாம் தைலம் தேய்த்துவிட்ட அறைத்தோழன் அந்தோணிராஜ் இறந்து ஒரு மாதமாகிறது.

படப்பையில் பிசியோதெரபி பார்க்கும் ஜோவிதா அன்று அவன் முதுகைத் தொட்டதும் வியந்தாள்.

"நல்லா இளகிடுச்சே! யாருண்ணா தேச்சு வுட்டது?"

"ரூம்ல ஒத்தையாத்தாம்மா கெடக்கேன்."

"சும்மா சொல்லாதீங்கண்ணா, கைத்தடமே தெரியுது."

செல்போனில் படமெடுத்துக் காட்டினாள். இடுப்புக்கு மேலே ஒரு கை சிவப்பாகப் பதிந்திருந்தது. அதில் சுண்டுவிரல் இல்லை. அந்தோணிராஜின் சுண்டுவிரலை மெஷின் எடுத்து நாலு வருடமாகிறது.

அறைக்குத் திரும்பிய கொம்பையா, சுருட்டி வைத்திருந்த அந்தோணிராஜின் பாயையும் பக்கத்தில் விரித்தான். தைலத்தின் மூடியைத் திறந்து அதன்மேல் வைத்துவிட்டுக் குப்புறப் படுத்தான்.

"இன்னும் கொஞ்சம் கீழ, மாப்ள" என்றான்.