காந்தத்தாருக்குப் பொன்னாடை

கம்ப்ரஸர் இல்லாத ஒரு குளிர்பெட்டிக்குள் காந்தத்தாரும், கண்ணுக்கே தெரியாத உலோகத் துகள்களும், ஓர் ஐஸ்கட்டியும் குடியிருந்தார்கள். காந்தத்தார் பக்கத்தில் வந்தால் துகள்கள் விறைத்துப்போய் வரிசையில் நிற்கும், உடம்பு கொதிக்கும். அந்தச் சூட்டைக் குழாய்த் தண்ணீர் வெளியே கொண்டுபோய்விடும். அவர் நகர்ந்ததும் துகள்கள் கலைந்து இஷ்டத்துக்கு ஆடும், பெட்டி சில்லென்றாகும்.

அன்றைக்குப் பெட்டியைப் பார்க்க விருந்தினர் வந்திருந்தார்கள். நடுவில் வந்து நின்ற காந்தத்தார் நகரவே இல்லை.

"பொடிச்சி, உருகுறேன்டி," என்று முனகியது ஐஸ்கட்டி.

பொடிச்சி துகள்களிலேயே வாயாடி. "ஐயா, நீங்க அந்தாண்ட போனாத்தான் குளிரும்."

"நான் நிக்கிறதாலதாம்மா குளிருது. எத்தனை வருஷ அனுபவம் எனக்கு. என்னையே போகச் சொல்றியா?"

ஐஸ்கட்டியின் ஒரு மூலை கரைந்து சொட்டியது. இவரிடம் நியாயம் பேசிப் புண்ணியமில்லை என்று பொடிச்சிக்குப் புரிந்துவிட்டது.

"அதுக்கில்லைங்கய்யா. உங்களுக்குப் பொன்னாடை போர்த்தணும்னு வெளியே தேடிட்டிருக்காங்க."

காந்தத்தார் விருட்டென்று கிளம்பினார். துகள்கள் கலைந்து ஆடின. சொட்டுவது நின்றது.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "வெளியே பொன்னாடையோட ஒருத்தரையும் காணோம். ஆனா பெட்டி எப்படி ஜில்லுன்னு இருக்கு பாத்தியா? எல்லாம் நான் வந்த ராசி."

துகள்கள் மறுபடி விறைத்தன. சூடு ஏறியது.

பொடிச்சி வரிசையில் நின்றபடியே பணிவாகச் சொன்னாள்: "ஆமாங்கய்யா. அவங்க இப்பத்தான் அந்தப் பக்கமாப் போனாங்க. கையில மாலைகூட இருந்துச்சு. ஓடினா பிடிச்சிடலாம்."