சிங்கத்தின் வீட்டில் நுழைவுத் தேர்வு

"அந்தக் குடைக்காரன் நிரபராதி! இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே!"

மேஜைமேல் விழுந்த குத்தில் காபி டம்ளர் ஒரு சாண் எகிறிக் குதித்து, மறுபடி தன் இடத்தில் உட்கார்ந்தது. குத்தியவர் சிங்கம். கோர்ட் வட்டாரத்தில் அவரை அப்படித்தான் சொல்வார்கள். அவர் எழுந்து "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று தொடங்கினால், கூரையில் தூங்கும் புறாக்கள் குடும்பத்தோடு காலி செய்துவிட்டுப் போகும்.

எதிரே உட்கார்ந்திருந்த மகள் அசரவில்லை. அவள் கையில் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வின் மாதிரி வினாத்தாள். மறுநாள் காலையில் பரீட்சை.

"மறுபடி படிக்கிறேன், கேளுங்கப்பா. அடுத்தவர் பொருளை அவர் அனுமதி இல்லாம எடுத்தா அது திருட்டு. இதுதான் கொள்கை. மழையில ஒருத்தர் பக்கத்து வீட்டுக் குடையைச் சொல்லாம எடுத்துட்டுப் போறார். திருட்டா, இல்லையா?"

"திருப்பிக் குடுக்கிற எண்ணம் இருந்துச்சா? அதை யாராவது கேட்டாங்களா? பக்கத்து வீட்டுக்காரனைக் கூண்டுல ஏத்து. நான் விசாரிக்கிற விசாரிப்புல அந்தக் குடையே தன்னோடது இல்லைன்னு கதறுவான்!"

"கூண்டெல்லாம் கிடையாதுப்பா. மேல குடுத்திருக்கிற கொள்கையை மட்டும் வெச்சுப் பதில் சொல்லணும். வெளியில தெரிஞ்சதை உள்ளே கொண்டுவரக் கூடாது. விடை, திருட்டு. தப்பா எழுதினா கால் மார்க் போயிடும்."

"எவன்டா இதைத் தயாரிச்சவன்? கோர்ட் வாசப்படியையாவது மிதிச்சிருப்பானா?"

"இப்படி வினாத்தாளோட மல்லுக்கு நின்னா சீட்டு கிடைச்ச மாதிரிதான்" என்று மகள் பக்கத்தைத் திருப்பினாள்.

சிங்கம் எழுந்து நடக்க ஆரம்பித்தது. ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவே அன்று நடந்த நடையைச் சாலையில் நடந்திருந்தால் பக்கத்து நாட்டு எல்லையில் பிடித்து வைத்திருப்பார்கள். கை நகங்கள் எல்லாம் காலையிலேயே தீர்ந்துவிட்டன. கால் நகங்கள் வாய்க்கு எட்டாததால் பிழைத்துக் கிடந்தன.

"கொஞ்சம் உட்காருங்களேன், பார்க்கிற எனக்கே தலை சுத்துது" என்றாள் மனைவி, டம்ளரை எடுத்தபடி. "இந்த வீட்டுக்குன்னு ஒரு சட்டப் பட்டம் வரட்டும். அன்னிக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்குவேன்."

"நீ வேற ஏண்டி இப்ப பயமுறுத்துறே?"

கதவு தட்டப்பட்டது. மனைவி ஒரு முழம் மட்டும் திறந்தாள். அந்த ஒரு முழத்துக்குள் குமாஸ்தா தலையை நுழைத்தார்.

"ஐயா, வேலித் தகராறு கட்சிக்காரர் காலையிலேர்ந்து கீழே உட்கார்ந்திருக்கார். திங்கட்கிழமை கேஸு. என்ன சொல்லட்டும்?"

"வாய்தா வாங்கிக்கலாம்னு சொல்லுய்யா."

"இன்னொரு வாய்தாவா? கேஸ் போட்டப்ப நட்ட வேலியில இப்ப யானை வந்து போற அளவுக்குக் காடு வளர்ந்துடுச்சாம் ஐயா."

"யானையையும் சாட்சியாச் சேர்த்துக்கலாம். இன்னிக்கு ஆளை விடுய்யா, வீட்டுல பரீட்சை!"

குமாஸ்தாவின் முகம் கனிந்தது. "புரியுதுங்க ஐயா. பிள்ளைங்க பரீட்சைன்னா பெத்தவங்களுக்குத்தான் தூக்கம் போயிடும். ஊர்க் கேஸையெல்லாம் தள்ளிவெச்சுட்டுப் பொண்ணு பக்கத்துலயே உட்கார்ந்திருக்கீங்களே, இப்படி ஒரு அப்பா யாருக்குக் கிடைக்கும்?"

பிறகு மகள் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ எதுக்கும் கலங்காதே. உன் ரத்தத்துலயே சட்டம் ஓடுது. கண்ணை மூடிக்கிட்டு எழுதினாலும் முதல் இடம்தான்!"

மகளுக்குத் திடீரென்று இருமல் வந்தது. சிங்கம் மின்விசிறியை அதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதுபோல அண்ணாந்து பார்த்தது.

குமாஸ்தா இறங்கிப் போனார். மனைவி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அது போதாதென்று ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டாள்.

சிங்கம் நாற்காலியில் சரிந்தது. கர்ஜனை எங்கே போயிற்றோ, பூனைக்குட்டிக் குரல்தான் மிச்சம். "இந்த வருஷம் வேண்டாமேம்மா. மனசே சரியில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே."

"போன வருஷமும் இதே பாட்டைத்தான் பாடுனீங்க" என்றாள் மனைவி.

"இல்லடி, அவ்வளவு பெரிய ஹாலு, அத்தனை பேர் நடுவுல... நினைச்சாலே எழுந்து ஓடிடலாம்னு தோணுது. சீட்டு கிடைக்கலைன்னா நாளைக்கு இந்த மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைக்கிறது?"

படிக்கட்டில் குமாஸ்தாவின் செருப்புச் சத்தம் தேய்ந்து மறையும் வரை மகள் பொறுத்திருந்தாள். பிறகு வினாத்தாளை அவர் முன்னால் நகர்த்திவைத்து, பென்சிலைக் கையில் திணித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"இருபது வருஷமா கோர்ட்டுல வாதாடுறீங்க, இனிமேலாவது வக்கீலுக்குப் படிங்கப்பா!"