ஃபேனில் வைத்த சந்தனம்

மலேசிய ஊரான பாச்சாங்கில் ஒரு கம்ப்யூட்டர் கடை. மேசை விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் புவனேஸ்வரன் மதர்போர்டைக் குனிந்து பார்க்கிறான். சிப்செட்டின் மேலிருக்கும் சின்ன ஃபேன் சுற்றவில்லை. அதன் நடுவில் வைத்த சந்தனம் இடுக்கில் வழிந்து இறுகியிருக்கிறது, மேலே குங்குமம். "யாரு அக்கா இதுக்குள்ள போய்ப் பொட்டு வச்சது?" "எங்க வீட்டுக்காரருதான். போன ஆயுத பூஜைக்குக் காரு, கிரைண்டரு எல்லாத்துக்கும் வச்சாரு. இதையும் தொறந்து வச்சிட்டாரு," என்கிறாள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்த நளினி. "தைப்பூசத்துக்குள்ள தவறிட்டாரு, ஆளே இல்லலா."  அவன் ஃபேனோடு சேர்ந்த பழைய கூலரை நெம்பி எடுத்து, சிப்பின் மேல் காய்ந்திருந்த வெப்பப் பசையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, புதுப் பசை தடவி, புதுக் கூலரைப் பொருத்துகிறான். திரை ஒளிர்கிறது, ஃபேன் மெல்லிய இரைச்சலோடு சுற்றுகிறது. நளினி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. குப்பைத் தொட்டிக்குப் போகவிருந்த பழைய ஃபேனை வாங்கி விளக்கடியில் சாய்க்கிறாள். காய்ந்த சந்தனத்தில் ஒரு விரலின் ரேகை அப்படியே இருக்கிறது.