கண்டாக்கையா வீட்டுக்குப் போன போஞ்சி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சண்முகவடிவு வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடுவதில்லை. கண்ணுக்கென்று ஒரு வெடிப்பும் இருக்கிறது. நான் ஒட்டுக்கேட்கிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது. தீபாவளிச் சாயங்காலம். சண்முகவடிவின் அடுப்பில் ஆட்டுக்கறி கொதிக்கிறது. நானுஓயாவில் ரயிலைவிட்டு இறங்கிய புது மருமகள் வந்துகொண்டிருக்கிறாள். அவள் கறி தொடமாட்டாள். அவளுக்கென்று கொடியில் விட்டுவைத்த போஞ்சிக்காய் முழுவதையும் சண்முகவடிவின் புருஷன் அழகுமுத்து காலையிலேயே பறித்து, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்குப் பண்டிகை மரியாதையாகக் கொடுத்துவிட்டார். துருவிய தேங்காய் மட்டும் தட்டில் காத்திருக்கிறது. "பச்சையா ஏதாச்சும் சுண்டி வையேன் புள்ள," என்கிறார், புதுச் சாரத்தின் மடிப்பைத் தடவிக்கொண்டு. "பச்சையாவா? பொழுதுக்கும் மலையில பச்சையத்தானே கிள்ளுறேன். ரெண்டு கொழுந்து கொண்டாந்து சுண்டவா?" அரிவாள்மனையில் வெங்காயம் இரண்டாகிறது, அடுத்தது அழகுமுத்துவோ என்று எனக்கே பயம். அவர் பையை எடுத்துக்கொண்டு மெல்லப் பின்கதவுக்கு நகர்கிறார். சண்முகவடிவு சுவரைப் பார்த்துச் சொல்கிறாள்: "அக்கா, கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க. இவரு ஒங்க போஞ்சிக் கொடிக்குத்தான் வாராரு. பறிச்சா எங்கையில குடுங்க. இவருகிட்ட குடுத்தா, வழியில எந்த ஐயாவப் பாத்தாலும் நீட்டிருவாரு."