திரையில் வந்த முருகன்

முருகனாக நடிக்கும் ஜெயப்பிரகாஷ் காய்ச்சலில் படுத்துவிட்டார். சங்கராபுரம் திருவிழாவில் நாடகம் தொடங்க இன்னும் அரைமணி நேரம்தான்.

“போன வாரம் சின்னசேலத்துல, முன்னாடி தூங்குனவங்களக்கூட எழுப்பி வுட்டு நடிச்சானே, அத வீடியோ புடிச்சு வச்சிருக்கோமில்ல? மலையும் அருவியும் காட்டுற திரையிலயே முருகனையும் வுட்டுடலாம்,” என்றார் குழு முதலாளி பொன்னுரங்கம். சரக்கில்லாத கடைக்காரன்தான் விளக்கைப் பெரிதாகப் போடுவான்.

“கண்டுபுடிச்சா கல்லால அடிப்பாங்கண்ணே! அப்பறம் எந்த ஊர்லயும் நம்மளக் கூப்புட மாட்டாங்க,” என்றாள் வள்ளி வேடத்திலிருந்த எழில்மதி.

“அவன் பேசி முடிக்கிற வரைக்கும் நீ வாயத் தொறக்காத. மேடைல போட்டிருக்குற கோட்ட வுட்டு நகராத. அவ்ளோதான்.”

திரையில் முருகன் பேசும் நேரத்தை மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே, கூட்டத்தின் பக்கம் திரும்பாமல் அவள் நடித்து முடித்தாள். வேடம் கலைத்துப் பெட்டி கட்டும்போது விழாக் குழுத் தலைவர் கந்தசாமி வேகமாக வந்தார்.

“இன்னாய்யா, எங்க காதுலயே பூ சுத்துறியா? ஒரு ஆளு நெசம், ஒரு ஆளு வெறும் படம்! ஊரே பேசிக்கினு இருக்குது.”

எழில்மதி பொன்னுரங்கத்தின் முதுகுக்குப் பின்னால் ஒண்டினாள்.

“முருகன் மனுசன்யா! முன்னாடி குந்திக்கினே தூங்குன என்னையே ‘அண்ணே, எழுந்திருங்க’ன்னு எழுப்பி வுட்டாரு. ஆனா வள்ளி? எங்க வூட்டுப் பொம்பளைங்க தொண்டை கிழியக் கூப்ட்டும் திரும்பவே இல்ல. அடுத்த வருசமாவது அந்தப் பொண்ண நேர்ல இட்டுக்கினு வாங்க!”

மூச்சு வாங்கிக்கொண்டு எழில்மதியின் பக்கம் திரும்பினார்.

“நீயே சொல்லும்மா, நாயமா இது?”