துணைக்கு வந்தவர்

லஸ் பூங்காவில் ஸ்ரீரங்கன் கணுக்கால் கட்டுடன் நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி கோமளம். எதிரே அவருடைய மேலதிகாரி சேஷாத்ரி வந்தார். ஸ்ரீரங்கனின் இந்த வருடப் பதவி உயர்வு அவர் கையில்தான் இருந்தது.

“என்ன ஓய், இந்தக் காலோட வாக்கிங்கா?”

“படியில சுளுக்கிண்டுடுத்து சார். இவளுக்குக் கிட்னி கோளாறு. நடையை நிறுத்தப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். தனியா அனுப்ப மனசு வரலை.”

கோமளம் தரையைப் பார்த்தாள்.

“கேட்டேளா மாமி, இப்படி ஒரு ஆத்துக்காரர் யாருக்குக் கிடைப்பார்? எனக்குச் சுளுக்குன்னா காபி கூட நானேதான் போட்டுக்கணும்.”

சேஷாத்ரி சட்டைப் பையிலிருந்து வலி மாத்திரை ஒன்றை எடுத்து ஸ்ரீரங்கன் கையில் வைத்தார். தண்ணீர் பாட்டிலையும் திறந்து நீட்டினார்.

“போட்டுக்கோங்கோ.”

“வேண்டாம்” என்று பதறினாள் கோமளம்.

“கிட்னிக்கு வலி மாத்திரை ஆகாதுன்னு எனக்கும் தெரியும் மாமி. அது உங்களுக்கு. அவருக்கு என்ன?”

ஸ்ரீரங்கன் மாத்திரையை வாய்வரை கொண்டுபோனார். கோமளம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் அவள் காட்டிக்கொடுக்கவில்லை.

அவர் தலை நிமிராமல் மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தார்.

“எனக்கும் ஆகாது சார். இவளுக்கு ஒண்ணுமில்லை. கிட்னி கோளாறு எனக்குத்தான்.”