மணிக்கட்டால் திறக்கும் குழாய்

நான்காவது கடையிலும் தணிகாசலம் விரல்களை மடக்கிக்கொண்டு, மணிக்கட்டால்தான் வாஷ்பேசின் குழாய்களைத் தள்ளிப் பார்த்தார். பலகையில் வரிசையாக மாட்டியிருந்தவற்றில் திருகுகிற குழாய் எதுவும் அசையவில்லை. "விரலால திருகுங்க சார்" என்றாள் கடைப்பெண். பக்கவாதம் வந்ததிலிருந்து மனைவி வேதவல்லியின் விரல்கள் எதையும் பிடிப்பதில்லை என்று ஒவ்வொரு கடையிலும் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துப்போயிருந்தது. இங்கேயும் சொன்னார். பேச்சிலும் வேதவல்லிக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. குழாயைத் திறக்க ஒரு "ஏங்க", மூட ஒரு "ஏங்க". இரண்டு வருடமாக நடுவில் எழுந்திருக்காமல் அவர் ஒருவேளைச் சோறு தின்றதில்லை. கடைப்பெண் நீண்ட கைப்பிடி வைத்த குழாய் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டு பட்டதுமே திறந்தது. லேசாகத் தள்ளியதும் மூடிக்கொண்டது. "இனிமே அம்மா யாரையும் கூப்பிட வேண்டியதே இல்ல சார். அவங்களே பாத்துக்குவாங்க." தணிகாசலம் அதை மறுபடியும் திறந்தார், மூடினார். "தண்ணி விழற சத்தம் கூடத்துல இருந்தா கேக்குமாம்மா?" "சத்தமே வராது சார். அதுதான் இதோட விசேஷமே." அவர் கையை எடுத்துக்கொண்டார். பலகையில் முதலாவதாக இருந்த திருகு குழாயின் முன்னால் போய், அதை ஐந்து விரல்களாலும் பிடித்து, "இதையே குடும்மா" என்றார்.